கேசினோவும் சூதாட்ட அடிமைத்தனமும்: வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துக் குடும்பங்கள் எங்களிடம் ஆலோசனைக்கு வரும்போது கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் ஆடுகிறவர் வருவதில்லை. மனைவி வருவார், அம்மா வருவார், சில சமயம் ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட நண்பர் வருவார். அதனால் பதில்களும் அவர்களுக்குத்தான்.

சென்னையில கேசினோவே கிடையாதே, நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு?

தமிழ்நாட்டில் கேசினோ இல்லைதான். இந்தியாவில் கோவாவிலும் சிக்கிமிலும் மட்டுமே நடக்கின்றன. ஆனால் பாரிமுனையில் கடை வைத்திருப்பவருக்கும் ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்ப்பவருக்கும் கோவா இன்று ஒரு சனி, ஞாயிறு விஷயம். பணஜியில் மாண்டோவி ஆற்றில் கேசினோ கப்பல்கள் நிற்கும். கரையிலிருந்து சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நுழைவுக் கட்டணத்திலேயே சாப்பாடு, பெரும்பாலும் குடியும் அடக்கம். 'எல்லாம் ஃப்ரீ மச்சான்' என்று திரும்பி வந்து சொல்லும் பேச்சு இங்கிருந்துதான் பிறக்கிறது. கொழும்பு அதையும்விடப் பக்கம்.

இதெல்லாம் பயணம் போகிறவர்களின் கதை. பெரிய கேசினோ சட்டைப் பையில் இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டுக்காக கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கேபினில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் கையில் போன். திரையில் ஒரு விமானம் மேலே ஏறுகிறது, அது பறந்து மறைவதற்குள் பட்டனை அமுக்கினால் பணம். வண்டி இரண்டு அடி நகர்வதற்குள் நாலு ஆட்டம் முடிந்துவிடும். கேசினோவுக்கு வேண்டியது மேசையும் சக்கரமும் இல்லை. சும்மா இருக்கும் நேரமும், உடனே கட்டக்கூடிய பணமும் இருந்தால் போதும்.

முதல் தடவை போனப்பவே ஜெயிச்சாராம். திறமை இருந்தா சம்பாதிக்கலாம்தானே?

ஒரு ராத்திரி ஜெயிக்கலாம். யாராவது ஜெயிப்பது கண்ணில் படாவிட்டால் கேசினோ நடக்காது. கேள்வி அதுவல்ல, தொடர்ந்து ஆடினால் என்ன ஆகும் என்பதுதான்.

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 36 வரை எண்கள், கூடவே பச்சை நிறத்தில் ஒரு பூஜ்யம். மொத்தம் 37 கட்டம். சக்கரம் சுற்றும்போது உருட்டிவிடும் உருண்டை எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்த எண்தான் ஜெயிக்கும். நீங்கள் ஓர் எண்ணில் 100 ரூபாய் வைத்து அது வந்துவிட்டால், போட்ட பணத்தோடு 35 மடங்கு தருவார்கள். 37 கட்டத்துக்கு நியாயமான விலை 36 மடங்கு. அந்த ஒரு மடங்குதான் முதலாளியின் வருமானம்: சராசரியாக 100 ரூபாய்க்கு 2 ரூபாய் 70 காசு. பூஜ்யம் இரண்டு இருக்கும் சக்கரத்தில் 5 ரூபாய் 26 காசு. சிவப்பு, கறுப்பு என்று பாதிக்குப் பாதி போல் தெரியும் பந்தயத்திலும் சிவப்பு 18 கட்டம்தான், 37இல். பக்கராட் என்ற சீட்டாட்ட மேசையில் 'டை' (இரு பக்கமும் சமம்) என்ற பந்தயத்தில் 100க்கு சுமார் 14 ரூபாய் கேசினோவுக்குப் போகும். அதைத்தான் கண்ணுக்குப் பளிச்சென்று நடுவில் வைத்திருப்பார்கள். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தை மிக நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு இந்த நஷ்டம் அரை சதவீதம் வரை இறங்கும். இறங்குமே தவிர, பொதுவாக லாபப் பக்கம் தாண்டாது.

'வெறும் 2.70தானே, தண்டல்காரன் வாங்குற வட்டியைவிடக் கம்மி' என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் தவறவிட்டது இதை: அந்த 2.70 கையில் கொண்டுபோன பணத்துக்கு இல்லை, மேசையில் வைக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும். கையில் 10,000. சுற்றுக்கு 1,000 வைக்கிறார். மணிக்கு 40 சுற்று என்றால் 40,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டியாகிவிட்டது. அதே பத்தாயிரம்தான் போய் வந்து, போய் வந்து. சராசரி நஷ்டம் மணிக்கு 1,080 ரூபாய். ஆறு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஆறரை ஆயிரம். சோறு ஃப்ரீயாகப் போடுவது இதற்காகத்தான். எழுந்து வெளியே போகாமல் இருக்க வேண்டும்.

தோத்தா டபுள் கட்டணும், அப்புறம் ஒரு தடவை ஜெயிச்சா போதும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

500இல் ஆரம்பித்து 1,000, 2,000, 4,000 என்று போகட்டும். எட்டாவது தடவை 64,000 கட்ட வேண்டும். அதுவும் போனால் மொத்தம் 1,27,500 ரூபாய் போச்சு. இவ்வளவு ஆபத்தும் எதற்கு? ஜெயித்தால் கிடைக்கும் 500 ரூபாய் லாபத்துக்கு. தொடர்ந்து எட்டு முறை தோற்பது சுமார் 200 முயற்சிக்கு ஒரு தடவை நடக்கும், அதாவது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அபூர்வமான விஷயமே இல்லை. மேசைக்கு உச்சவரம்பும் உண்டு, அதற்குமேல் இரட்டிப்பாக்க விடமாட்டார்கள்.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ கேசினோவில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது. 'இவ்வளவு கறுப்பு வந்தாச்சு, இனி சிவப்புதான்' என்று கட்டியவர்கள் பெரும்பணம் இழந்தார்கள். போன சுற்றில் என்ன விழுந்தது என்று உருண்டைக்குத் தெரியாது.

நம்ம ஏரியா காட்டன் ஆட்டமும் இதுவும் ஒண்ணா?

காட்டன் என்ற பேரே பருத்தியிலிருந்து வந்ததுதான். நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை பம்பாய்க்குத் தந்தியில் வரும், அதன் எண்களின் மேல் பந்தயம் கட்டுவார்கள். 1960களில் அந்த விலை வருவது நின்ற பிறகும் ஆட்டம் நிற்கவில்லை, மட்கா என்ற நம்பர் சூதாட்டமாக மாறிப் பரவியது. இங்கே பழைய பேர் ஒட்டிக்கொண்டது. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகும் மூணு நம்பர் சீட்டு கள்ளத்தனமாக ஓடுகிறது.

கணக்குப்படி பார்த்தால் தெரு ஆட்டம்தான் மோசம். பத்து எண்ணில் ஒன்றுக்கு 10 ரூபாய் கட்டி, விழுந்தால் 90 என்று வைத்துக்கொண்டால் 100க்கு 10 ரூபாய் நடத்துகிறவனுக்கு. ரூலெட் அதில் கால்வாசிதான். ஆனால் காட்டனில் நம்பர் கட்டினால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் மனிதன் டீ குடிப்பான், சவாரி போவான், பொண்டாட்டி திட்டுவாள், பாக்கெட் காலியாகும். போன் கேசினோவில் இடைவெளியே இல்லை. ஐந்து வினாடிக்கு ஒரு தட்டு, தட்டுக்கு 10 ரூபாய் என்றால் மணிக்கு 7,200 ரூபாய்க்குப் பந்தயம். அடிமையாக்குவதில் பணத்தின் அளவைவிட வேகம்தான் பெரிய பங்கு வகிக்கிறது என்பது என் கருத்து.

தோக்குறோம்னு தெரிஞ்சும் ஏன் நிறுத்த முடியல? புத்தி இல்லையா?

புத்தியுள்ளவர்கள் நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள். கணக்கு வாத்தியார்களும் உண்டு.

டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பரிசு கையில் கிடைக்கும்போது மட்டும் அது சுரப்பதில்லை, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் காத்திருக்கும் அந்தக் கணத்திலும் பொங்குகிறது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காக ஓர் உயிர் சலிக்காமல் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கும் என்பது புறாவையும் எலியையும் வைத்து உளவியலார் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பார்த்த விஷயம். கேசினோ இயந்திரம் அதே அமைப்பில்தான் ஓடுகிறது.

இன்னொன்று, 'ஜஸ்ட் மிஸ்'. மூன்று படம் ஒரே மாதிரி வர வேண்டும், இரண்டு வந்து மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. அது முழுத் தோல்விதான், பைசா வராது. 2009இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆடுகிறவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மயிரிழையில் தவறும்போது, ஜெயிக்கும்போது வேலை செய்யும் பகுதிகளே தூண்டப்பட்டன. தங்கள் படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்து ஆடியவர்களுக்கு அது சாதாரணத் தோல்வியைவிடக் கசந்தது, ஆனாலும் மறுபடி ஆடும் ஆசை கூடியது. 'நானே நம்பர் எடுக்குறேன்' என்று உங்கள் வீட்டில் யாராவது பெருமையாகச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தாசைதான் காரணம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறோம். நோய் முற்றியவருக்குப் பணம் ஆடுவதற்கான டிக்கெட். ஜெயித்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வராமல் அதையும் அங்கேயே விடுகிறாரே, அதை வேறெப்படி விளக்குவது?

மாசத்துக்கு ஒரு தடவைதான் ஆடுறார். அதுவும் அடிமைத்தனமா?

எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது. காசிமேட்டில் படகு கரைக்கு வந்து பங்கு பிரித்த அன்று மட்டும் ஆடி, மொத்தப் பங்கையும் விட்டுவிட்டு, ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டிருப்பவர் இருக்கிறார். தடைக்காலத்தில் ஆடவில்லை என்பதால் அவர் குணமாகிவிட்டார் என்று அர்த்தமில்லை, கையில் காசில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதை நோயாகப் பட்டியலிட்டது. 2013இல் மது, போதை அடிமைத்தனம் இருக்கும் வகைக்கே மாற்றியது. அவர்கள் ஒன்பது அடையாளங்கள் சொல்கிறார்கள், ஓராண்டுக்குள் நாலு இருந்தால் நோய். அதே கிளர்ச்சிக்கு மேலும் மேலும் பெரிய தொகை தேவைப்படுவது, நிறுத்தினால் எரிச்சல், நிறுத்தப் பார்த்து முடியாமல் போவது, எந்நேரமும் அதே நினைப்பு, மனசு சரியில்லாதபோது ஆடுவது, விட்டதைப் பிடிக்க மறுநாளே போவது, பொய், வேலையையோ உறவையோ பணயம் வைப்பது, கடனை அடைக்க அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது.

நான் முதலில் விசாரிப்பது பொய்யைத்தான். சம்பளம் லேட் என்றார், நிஜமாகவே லேட்டா? கம்மல் அடகுக் கடைக்குப் போனது ஆஸ்பத்திரிச் செலவுக்கா? அடுத்து, விட்டதைப் பிடிக்கும் வெறி. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் மாதம் ஒரு தடவை என்பதெல்லாம் ஆறுதல் ஆகாது.

'கடனை மட்டும் அடைச்சுக் கொடு, இனி தொடவே மாட்டேன்'னு புள்ள மேல சத்தியம் பண்றார். அடைக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. மொத்தமாக அடைக்காதீர்கள். அவர் கையில் கொடுத்து அடைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள்.

சத்தியம் செய்யும்போது அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். ஆனால் நடப்பது என்ன? மூலக்கொத்தளத்தில் ஒரு குடும்பம். பையனுக்கு மீட்டர் வட்டிக் கடன், வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறான். அம்மா ஏலச்சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்து, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த செயினையும் விற்றுக் கடனை முடித்தார். வட்டிக்காரன் திருப்தியாகப் போனான். பையன் பெயரில் இப்போது பாக்கி இல்லை, அதனால் அதே ஆள் மறுபடி கடன் தரத் தயார். மூன்றே மாதத்தில் முன்பைவிடப் பெரிய தொகையில் நின்றான். இந்தக் கதை பேர் மட்டும் மாறி எங்களிடம் வந்துகொண்டே இருக்கிறது.

ராபர்ட் கஸ்டர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இந்த நோயின் போக்கை ஜெயிக்கும் கட்டம், தோற்கும் கட்டம், கதியற்ற கட்டம் என்று பிரித்துக் காட்டினார். வீட்டார் வந்து மொத்தக் கடனையும் அடைப்பது பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில் நடக்கும். ஆடுகிறவரின் மூளையில் அதுவும் ஒரு ஜாக்பாட்டாகப் பதிகிறது: எவ்வளவு போனாலும் கடைசியில் எங்கிருந்தோ வரும்.

செய்ய வேண்டியது வேறு. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள்: தண்டல், கைமாத்து, லோன் ஆப், நகை, ஆபீஸ் அட்வான்ஸ், மகளிர் குழுவில் உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்தது. முதல் பட்டியல் ஒருபோதும் முழுசாக இருக்காது, ஒரு வாரம் கழித்து இரண்டாவது கேளுங்கள். பிறகு கடன் கொடுத்தவர்களிடம் நீங்களோ நம்பிக்கையான ஒரு பெரியவரோ நேரில் பேசி, அவர் சம்பளத்திலிருந்தே சின்னச் சின்னத் தவணையாகக் கட்ட ஏற்பாடு செய்யுங்கள். கடனின் வலி அவரிடமே இருக்கட்டும், பணம் மட்டும் அவர் கையில் புரள வேண்டாம். சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு உங்களிடம். போனிலிருந்து ஜிபே, போன்பே எடுத்துவிட்டு, செலவுக்குத் தினமும் ரொக்கம். வாரிய வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, வண்டி ஆர்சி புத்தகம், நகை இவையெல்லாம் வீட்டை விட்டே வெளியே, அக்கா வீட்டிலோ வங்கி லாக்கரிலோ. சண்டை போடுவார். போடட்டும்.

மிரட்டல் வட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். லோன் ஆப்காரர்கள் போட்டோவை மார்ஃபிங் செய்து மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கட்டினாலும் மிரட்டலை நிறுத்துவார்கள் என்று நம்ப முடியாது.

அவர் வாங்கின கடனுக்கு நான் பொறுப்பா?

நீங்கள் கையெழுத்துப் போடாத கடனுக்கு மனைவி என்பதற்காகவே நீங்கள் சொந்தப் பொறுப்பாளி ஆகமாட்டீர்கள். வெற்றுப் பத்திரத்திலோ காசோலையிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அண்ணன் கேட்டாலும்.

சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதிர்ஷ்ட ஆட்டங்கள் மீதான தடையை ஏற்று, ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே இல்லாமல் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவரை இந்த மத்தியச் சட்டம் குற்றவாளியாக்கவில்லை, தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் தண்டனை உண்டு. இருந்தாலும் 'டாக்டர்கிட்ட சொன்னா போலீஸ் புடிச்சுக்கும்' என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேசினோவை அனுமதிக்கும் ஊர்களே தம் ஆட்களை எப்படி நடத்துகின்றன என்பதையும் பாருங்கள். கோவாவில் 2020 முதல் உள்ளூர்க்காரர் கேசினோவுக்குள் போகக் கூடாது. நேபாளத்தில் நேபாளிகளுக்குத் தடை. மொனாக்கோவில் அந்நாட்டுக் குடிமக்கள் ஆட முடியாது. சிங்கப்பூரில் சிங்கப்பூரர் ஒரு நாளைக்கு உள்ளே போகவே 150 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும், குடும்பத்தார் மனுப் போட்டு ஒருவரைத் தடுக்கவும் வழியுண்டு. சரக்கு என்னவென்று விற்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

தடைதான் இருக்கே, அப்புறம் எப்படி வாட்ஸ்அப்புல 'ஐடி' தர்றாங்க?

வெளிநாட்டிலிருந்து நடத்தும் கள்ளத்தளங்கள். ஏஜென்ட் தளத்துக்குள் நுழைய ஒரு ஐடி தருவான், யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொல்வான். ஜெயித்த பணத்தை எடுக்கப் போனால் 'வெரிஃபிகேஷன் கட்டணம்' என்று இன்னும் கேட்பான். புகார் கொடுக்க முகவரியே கிடையாது.

இளைஞர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: 'உன் அக்கவுண்டைக் கொடு, மாசம் ஐயாயிரம் தர்றேன்' என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அதில் ஓடும் பணம் மோசடிப் பணமாக இருந்தால் முடக்கப்படுவதும் உங்கள் கணக்குதான், முதலில் விசாரணைக்குக் கூப்பிடுவதும் உங்களைத்தான்.

ஜெயிச்ச பணத்துக்கு வரி உண்டா?

உண்டு, 30 சதவீதம், செஸ் என்ற கூடுதல் வரி தனி. கேசினோவில் இன்று 2 லட்சம் ஜெயித்து நாளை 3 லட்சம் தோற்றாலும் அந்த 2 லட்சத்துக்கு வரி கட்ட வேண்டும். தோற்றதைக் கழித்துக்கொள்ள முடியாது.

எங்க அப்பா வாழ்க்கையில சீட்டையே தொட்டதில்ல. 65 வயசுல திடீர்னு ராத்திரி பகலா ஆடுறார். ஏன்?

கை நடுக்கத்துக்கு, அதாவது பார்கின்சன் நோய்க்கு, மாத்திரை சாப்பிடுகிறாரா? பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் டோபமைன் போலவே வேலை செய்பவை. சிலருக்கு அவை சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடும் என்பது மருத்துவ உலகில் நன்கு தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் இந்த மாற்றத்தை மறைக்காமல் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார். மானக்கேடு என்று மூடி வைத்துப் பென்ஷன் முழுவதையும் இழந்த பிறகு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்க போய்க் காட்டுறது? ரொம்பச் செலவாகுமா?

பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம், 1794இல் வேறு இடத்தில் தொடங்கிய நிறுவனம். இரண்டும் அரசு மருத்துவமனைகள். 'கீழ்ப்பாக்கம்' என்றாலே நம் ஊரில் ஒரு கிண்டல் உண்டு, அதற்குப் பயந்தே பல பேர் போவதில்லை. பெரும்பாலானவர்கள் புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். போனில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சை பெரும்பாலும் பேச்சுதான். எந்த நேரத்தில், எந்த மனநிலையில், யாரோடு இருக்கும்போது ஆசை வருகிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள், 'இந்தத் தடவை விழும்' என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்கப் பழக்குவார்கள். கூடவே குடியோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து. வேண்டுதல், கயிறு கட்டுதல், மாலை போடுதல் இதெல்லாம் செய்யட்டும், நான் தடுப்பதில்லை. மாலை கழற்றும் தேதிக்கு மறுநாள் என்ன திட்டம் என்று மட்டும் கேட்பேன்.

'செத்துப் போறேன்'னு சொல்றார். மிரட்டுறாரா?

மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். சூதாட்டக் கடனில் இருப்பவர்களிடம் தற்கொலை ஆபத்து மிக அதிகம், கடன் வெளியே தெரியவரும் அந்த நாட்களில் இன்னும் அதிகம். 'சாகணும்னு தோணுதா?' என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், 14416 அல்லது அரசு சுகாதார உதவி எண் 104க்கு அழையுங்கள், அல்லது நேராக ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கடனைப் பற்றிய சண்டை இரண்டு நாள் காத்திருக்கும்.

ஆறு மாசம் நல்லா இருந்தார். போன வாரம் மறுபடி ஆடிட்டார். எல்லாம் வீணா?

இல்லை. ஆறு மாதம் விட்டிருந்தவர் ஒரு ராத்திரி வழுக்குவது இந்த நோயில் சாதாரணம். எவ்வளவு போச்சு என்பதைவிட, மறைத்தாரா சொன்னாரா என்று பாருங்கள். அவராகச் சொன்னால் அது பெரிய முன்னேற்றம், அன்று கத்தாதீர்கள். பணம் எந்த வழியாக அவர் கைக்குப் போனது என்று கண்டுபிடியுங்கள்: போனஸா, ஓவர்டைம் காசா, நண்பர் அனுப்பிய ஜிபேயா? அந்த ஓட்டையை அடைத்துவிட்டு, அடுத்த செக்கப் தேதி வரும்வரை காத்திருக்காமல் மறுநாள் காலையிலேயே ஓபி சீட்டு எடுத்துவிடுங்கள். போகும்போது அந்தக் கடன் தாளையும் எடுத்துப் போங்கள், புதுசாகச் சேர்ந்ததை அவர் கையாலேயே அதில் எழுதச் சொல்லி.